ஊருக்கு வெளியே வாடகை குறைவு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவு வீடு எதற்கு?

வாடகையை மட்டும் பார்த்தால் வெளியே போவது லாபம்தான். போக்குவரத்துச் செலவையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் பயன்படும் ஓர் அளவுகோல்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நேரம். கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும் இடத்தில் இருப்பவர், நல்ல சம்பளம் என்றாலும் இரவு ஷிப்ட்டை ஒப்புக்கொள்ள முடியாது. மாலை வகுப்பும் அப்படித்தான்.

ஆனால் நிலையம் வந்தாலே சுற்றிலும் நில விலை ஏறும். அப்புறம் வாடகை ஏறி, பஸ்ஸையும் ரயிலையும் நம்பியிருப்பவர்களே முதலில் காலி செய்ய வேண்டிவரும். அதனால் விலை ஏறுவதற்கு முன்பே மலிவு வீடுகளுக்கான நிலத்தை வாங்கி வைக்க வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் இதற்கென்றே 2010-இல் ஒரு நிதி தொடங்கினார்கள்.