பள்ளி முடிந்ததும் அடுத்து என்ன? டிசைன் திங்கிங் கேள்வி பதில்

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்கோ தொழிற்பயிற்சிக்கோ வேலைக்கோ போகிற மாணவர்கள் வழியில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிப்பதும், அந்த இடத்தில் சின்ன மாற்றங்களைச் செய்து பார்ப்பதும் என் வேலை. அதில் டிசைன் திங்கிங், அதாவது பயன்படுத்துபவரைக் கவனித்து, சின்ன மாதிரி செய்து, சோதித்துப் பார்த்துத் தீர்வு தேடும் முறை, எப்படி உதவும் என்று கேளுங்கள். எந்தப் படிப்பு நல்ல படிப்பு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளி ஆலோசகர்: மேடம், மாணவரைப் புரிந்துகொள்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைத் திரட்டுவது, மாதிரி செய்வது, சோதிப்பது என்று ஐந்து படிகள் சொல்கிறார்களே. ஆசிரியர்களுக்கு ஒருநாள் பட்டறை வைக்கப்போகிறோம். எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பதில்: அந்த ஐந்து படிகளைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டிசைன் திங்கிங் கற்றுத்தரும் டிஸ்கூல். பெரும்பாலான பட்டறைகளில் முதல் படி அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, மீதி நேரமெல்லாம் யோசனைகளை எழுதிச் சுவரில் வண்ணச் சீட்டு ஒட்டுவதில் போகிறது. மாணவர் இல்லாத அறையில் மாணவருக்காக யோசிக்காதீர்கள். பட்டறைக்கு முன்பே ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு மாணவர் விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். உதவக் கூடாது, பார்க்க மட்டும்தான்.

நான் அப்படி உட்கார்ந்து பார்த்த ஒரு மாணவி, பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினாள். "பாதுகாவலரின் வருமான ஆவணம்" என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. அவளை வளர்ப்பது பாட்டி. பாட்டி பெயரைப் போடலாமா, அப்பா பெயரைத்தான் போட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தை மூடினாள், திரும்பத் திறந்தாள், மறுபடி மூடினாள். "நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுந்துவிட்டாள். ஆசிரியர்களின் குறிப்பில் அவளைப் பற்றி "ஆர்வமில்லை" என்று எழுதியிருந்தது.

இரண்டாவது படிக்கு அர்த்தமே இதில்தான் இருக்கிறது. "மாணவர்களுக்கு ஆர்வத்தை எப்படி ஊட்டுவது?" என்று கேட்டால் ஊக்கப் பேச்சாளரைத்தான் கூப்பிடுவீர்கள். "சந்தேகம் வந்த அன்றே அவளுக்குப் பதில் கிடைக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆவணத்தை யாரிடம் வாங்குவது என்று ஒரே தாளில் எழுதி, கீழே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரின் பெயரையும் போட்டு நாலைந்து மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். அந்தத் தாள்தான் மாதிரி.

ஒரு தந்தை: என் மகனுக்கு எந்தப் படிப்பில் எதிர்காலம் இருக்கிறது?

பதில்: தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன் ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இறுதியாண்டு மாணவி: அக்கா, எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: உன் வயதில் அது தெரியாமல் இருப்பது குறையே இல்லை அம்மா. செய்து பார்க்காத ஒன்றில் ஆர்வம் இருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் பில் பர்னெட்டும் டேவ் எவன்ஸும் நடத்திய வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. அடுத்த ஐந்து வருட வாழ்க்கையை மூன்று விதமாக எழுத வேண்டும். முதலாவது, இப்போது மனதில் இருக்கிற வழி. இரண்டாவது, அந்த வழி நாளைக்கே அடைபட்டால் என்ன செய்வாய் என்பது. மூன்றாவது, பணமும் பிறர் பேச்சும் தடையில்லை என்றால் என்ன செய்வாய் என்பது. மூன்றையும் எழுதிய பிறகு, ஒரே வழிதான் இருக்கிறது என்ற பயம் குறையும்.

அப்புறம், மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொருவரைத் தேடிப்பிடித்து அரைமணி நேரம் பேசு. "உங்கள் வேலை பிடிக்குமா?" என்று கேட்காதே, மரியாதைக்குப் "பிடிக்கும்" என்பார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேள். முடிந்தால் ஒருநாள் கூடவே இருந்து பார். நாலு வருடப் படிப்பில் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் பார்ப்பது பெரிய செலவில்லை.

பெயர் வேண்டாம்: எனக்கும் எதில் ஆர்வம் என்று தெரியவில்லை.

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

புள்ளியியல் மாணவர்: இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா? தேவையான தகவலை ஒரே இடத்தில் போட்டுவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

பதில்: இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் தம்பி. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு எழுதித்தரும் அலுவலகங்களுக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களிடம் நடந்த ஆய்வு, 2012இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குக் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தை அங்கேயே, கையில் இருந்த வரி விவரங்களை வைத்து நிரப்பித் தந்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். படிவம் நிரப்பித் தந்த குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில், அடுத்த 3 ஆண்டுகளுக்குள் கல்லூரியில் 2 ஆண்டுகளை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் முன்னேற்றம் இல்லை.

புள்ளியியல் மாணவர்: சரி, தகவல் மட்டும் போதாது. ஆனால் கெடு தேதியை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினால் பலன் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். செலவும் குறைவு.

பதில்: பாதி உண்மை. இடம் கிடைத்தும், பள்ளி முடிந்து கல்லூரி திறப்பதற்குள் பல மாணவர்கள் காணாமல் போகிறார்கள். இதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் பெஞ்சமின் காசில்மேனும் லிண்ட்சே பேஜும் அங்கே சில ஊர்களில் குறுஞ்செய்தி அனுப்பியபோது பலன் தெரிந்தது. ஆனால் பிறகு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அதேபோல் அனுப்பிப் பார்த்தபோது சேர்க்கையில் மாற்றமே இல்லை. சிறிய அளவில் நடந்தபோது, பதில் போட்டால் மறுமுனையில் உள்ளூர் ஆலோசகர் இருந்தார். வித்தியாசத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

புள்ளியியல் மாணவர்: இவையெல்லாம் பொருளாதார அறிஞர்கள் செய்த சோதனைகள். இதில் டிசைன் திங்கிங் எங்கே வந்தது?

பதில்: நியாயமான கேள்வி. பலன் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனைகள்தான் சொல்லும். சீட்டு ஒட்டி முடித்துவிட்டு "வெற்றி" என்று அறிவிப்பவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் எதைச் சோதிப்பது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? பாட்டியிடம் வளரும் பெண் எந்தக் கட்டத்தில் நின்றாள் என்பது மொத்தக் கணக்கில் தெரியாது, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். இரண்டும் வேண்டும். முதலில் பாருங்கள், பிறகு அளந்து பாருங்கள்.

இயற்பியல் ஆசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஒரே ஆலோசகர். ஒவ்வொருவர் பக்கத்திலும் எப்படி உட்காருவது?

பதில்: எல்லோர் பக்கத்திலும் உட்கார வேண்டாம் சார். சிலரோடு உட்கார்ந்து, தேர்வு முடிந்த நாள் முதல் கல்லூரியில் முதல் வாரம் வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். எந்த இடத்தில் பலர் நிற்கிறார்களோ அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றப் போனால் எதுவும் நடக்காது.

செயலி உருவாக்குபவர்: இதற்கெல்லாம் ஒரு செயலி செய்து தரலாமா?

பதில்: முதலில் காகிதத்தில் செய்யுங்கள். காகிதத்தில் உதவாதது திரையிலும் உதவாது. அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், மாணவர் இல்லாத அறையில் யோசிக்காதீர்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்: கல்லூரியில் எனக்கு என்னென்ன வசதிகள் கிடைக்கும்?

பதில்: அதைச் சேரும் கல்லூரியில்தான் கேட்க வேண்டும் தம்பி. சேர்ந்த பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது நபர்: ஆர்வம் என்னவென்று தெரியாதவர்கள்…

பதில்: மேலே மாணவிக்குச் சொன்னதேதான். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

நூலகர்: வரைபடம் போட எந்த மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது? முன்னால் வந்து நன்றாகப் பேசுகிறவர்கள்தான் எங்களுக்குக் கிடைக்கிறார்கள்.

பதில்: அவர்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். போன வருடம் விண்ணப்பித்துப் பாதியில் விட்டவர்களின் பட்டியல் பள்ளி அலுவலகத்தில் இருக்கும். அதிலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். "ஏன் விட்டாய்?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலிருக்கும். "கடைசியாக அந்த விண்ணப்பத்தைத் திறந்த அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.