தண்ணீர் இறங்கும் நேரம்: வாசகர் கேள்வி பதில்

ஜப்பானில் கியோத்தோ நகரத்துச் சுவர்ப் பூச்சு வேலைக் குழு ஒன்றில் நாலு வருடம் வேலை கற்றதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கட்டிடக்கலை படித்திருக்கிறேன், வயது 24. கையால் மண் பூசும் அந்த வேலையைக் கற்க எவ்வளவு காலம் ஆகும்? போனதுமே கரணையை (பூசும் கரண்டியை) கையில் கொடுப்பார்களா?
(வாசகி, திண்டுக்கல்)

கொடுக்க மாட்டார்கள். எனக்கு முதல் எட்டு மாதம் மண்வெட்டி, வாளி, காலில் ரப்பர் பூட்ஸ், அவ்வளவுதான். அதை நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள். வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்து, மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். வைக்கோல் அழுக அழுக அதிலிருந்து இறங்கும் பசை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இடையிடையே புரட்டிவிட்டுப் புது வைக்கோல் சேர்ப்போம். மண் கறுத்து, எருக்குழி மாதிரி வாசனை வர ஆரம்பித்தால் எங்கள் மேஸ்திரி முகம் மலரும். அங்கே மேஸ்திரியை ‘ஓயாகதா’ என்றுதான் கூப்பிட வேண்டும், பெயர் சொல்லக்கூடாது.

இந்த மண்தான் ‘அராகாபே’ என்கிற முதல் பூச்சு. பிளந்த மூங்கிலைக் கட்டம் கட்டமாகக் கயிற்றால் கட்டி, தூண்களுக்கு நடுவில் தட்டி நிறுத்தியிருப்பார்கள். ஒரு பக்கமிருந்து மண்ணை அப்பினால் மறுபக்கச் சந்துகளில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அந்தப் பிதுக்கம்தான் பிடிமானம். பிறகு மறுபக்கமும் பூசி, நன்றாகக் காயவிட்டு, வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்து முடிந்த பிறகே நடுப்பூச்சு. அது காய்ந்த பிறகு கடைசிப் பூச்சு. தூணும் சுவரும் சேரும் ஓரத்தில் மண் சுருங்கி இடைவெளி விடும் என்பதால், சணல் போன்ற நாரைச் சிறு ஆணியில் கட்டித் தூணோரம் அடித்து, நாரின் நுனிகளை மண்ணுக்குள் விசிறிபோல் விரித்து அமுக்குவோம். அந்த நாருக்கு அங்கே மீசை என்று பொருள்படும் பெயர். பூச்சு முடிந்த பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நான் அதிகம் திட்டு வாங்கியது அந்த மீசைக்காகத்தான்.

சாயங்காலம் எல்லோரும் கருவிகளைக் கழுவிய பிறகு, கொட்டகையில் ஒரு பலகைமேல் பூசிப் பழகுவேன். பூசுவது, வழித்து வாளியில் போடுவது, மறுபடி பூசுவது. பழைய வழக்கப்படி நாலைந்து வருடம் சீடராக இருந்து, அப்புறம் நன்றிக்கடனாக இன்னொரு வருடம் அதே மேஸ்திரியிடம் வேலை செய்வார்கள். இன்று எல்லோரும் அப்படி இருப்பதில்லை. 2019-இல் ஜப்பான் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவில் பூச்சு வேலையும் உண்டு. ஆனால் அந்த வழியில் போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிமென்ட் வேலையாக இருக்கலாம். மண் வேலைதான் வேண்டுமென்றால், கோயில், தேநீர் அறை, பழைய வீடு எடுத்துச் செய்கிற குழுவை முதலில் தேடுங்கள். மொழியை இங்கேயே படித்துக்கொண்டு போங்கள். சாரத்தின் மேலிருந்து வரும் சத்தத்துக்கு அகராதி பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: ‘தண்ணீர் இறங்கும் நேரம்’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் என்ன?
(வாசகர், கும்பகோணம்)

நான் நாலு வருடமும் படித்தது இதைத்தான். ஜப்பானியத்தில் ‘மிசுஹிகி’, மிசு என்றால் தண்ணீர், ஹிகி என்றால் இழுப்பு. புதுப் பூச்சில் உள்ள தண்ணீரை அடியில் காய்ந்திருக்கும் பூச்சு இழுத்துக்கொள்கிறது. பூசியதும் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும். கொஞ்ச நேரத்தில் அந்த மினுக்கம் ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வரும். முழுதும் மங்குவதற்குச் சற்று முன்னால் கரணையை வைத்து அழுத்த வேண்டும். முந்தினால் மண் கரணையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிந்தினால் கரணை நகராது, கீறும். ஒரே சுவரில் ஜன்னல் பக்கம் சீக்கிரம் இழுக்கும், மூலை தாமதமாக இழுக்கும். அதனால் சுவருக்குச் சுவர் வரிசையை மாற்ற வேண்டும்.

இதிலேயே மிகக் கடினமானது ‘மிசுகோனே’. மண், பொடிமணல், தூளாக்கிய வைக்கோல், தண்ணீர். பசை எதுவும் கிடையாது. கியோத்தோவில் பழைய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் ஜுராகுதாய் மாளிகை இருந்த பகுதியில் கிடைக்கும் பழுப்பு மண்ணைத் தேநீர் அறைகளுக்குப் பூசுவார்கள். இப்போது அந்த இடமெல்லாம் கட்டிடம். யாராவது அஸ்திவாரம் தோண்டினால்தான் அந்த மண் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த மண்ணைக் கையில் எடுக்கும்போது ஒரு பிடியைக்கூடக் கீழே சிந்த மனம் வராது.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய தானியக் கிடங்குக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. என் பங்கு இரண்டு மீட்டர் அகலம். வழவழப்பு போதவில்லை என்று தோன்றி, நேரம் கடந்த பிறகும் எஃகுக் கரணையால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சுவரில் பென்சிலால் கிறுக்கியது மாதிரி கறுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. காய்ந்துவரும் சுண்ணாம்பு கரணையின் இரும்பையே உரசி எடுத்துவிட்டது. ஓயாகதா ஒரு வார்த்தை பேசவில்லை. சுரண்டியை எடுத்து என் கையில் வைத்தார். மறுநாள் அதே சுவரில் அவர் பூசினார், என்னைப் பக்கத்தில் நிற்கவைத்தார். கொஞ்சத்துக்கொருதரம் என் விரல்களின் பின்பக்கத்தைச் சுவரில் தொடவைத்தார். முதலில் சில்லென்று ஈரம் விரலில் ஏறியது. அடுத்த தடவை குளிர்ச்சி இருந்தது, ஈரம் ஒட்டவில்லை. “இப்போது” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வீட்டுச் சுவரும் இதுவும் ஒன்றுதானா?
(வாசகி, காரைக்குடி)

அடிப்படை ஒன்றுதான். இரண்டும் நீற்றிய சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகுகிறது. சேர்மானம் வேறு. நம் ஊரில் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு. கடைசியில் கல்லால் தேய்த்து மெருகு. அவர்கள் ‘ஷிக்குய்’ என்னும் பூச்சுக்குக் கடற்பாசியைக் காய்ச்சி, வடிகட்டி, அந்தக் கஞ்சியைச் சுண்ணாம்போடும் நறுக்கிய நாரோடும் கலக்கிறார்கள். பூச்சு சில மில்லிமீட்டர்தான் என்பதால் சட்டென்று காய்ந்துவிடும். கஞ்சி தண்ணீரைப் பிடித்துவைத்து நமக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது. கோச்சி பகுதியின் ‘தோசா ஷிக்குய்’ கஞ்சி இல்லாமல் புளித்த வைக்கோலை வைத்தே செய்வது. பூசும்போது இளமஞ்சளாக இருந்து வெயில் படப்பட வெளுக்கும். மெருகேற்றும் வகையும் அங்கே உண்டு, கடைசி மெருகு வெறும் உள்ளங்கையால். காரைக்குடியில் ஒரு வளவுச் சுவரைத் தடவியபோது எனக்கு அந்த உள்ளங்கைதான் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தால் தயவுசெய்து சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடியுங்கள்.

கேள்வி: மண் சுவர் மழையில் கரையாதா?
(வாசகர், நாகர்கோவில்)

கூரை நன்றாக வெளியே நீண்டிருக்கும். வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். ஹிமேஜி கோட்டையின் வெள்ளை அதுதான். தீயையும் தாங்கும். 1893-இல் கவாகோயே ஊர் எரிந்தபோது தடித்த மண் சுவர்க் கட்டிடங்கள் தப்பி நின்றன. அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் அதே முறையில் கடைகளைக் கட்டினார்கள்.

கேள்வி: அடுத்த வருடம் ஜப்பான் போகிறோம். ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.
(வாசகர், கோவை)

இஸு தீபகற்பத்தில் மட்சுசாகி. இரியே சோஹாச்சி (1815–1889) பிறந்த ஊர். ஏழை விவசாயி மகன், 12 வயதில் பூச்சு வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஓவியமும் கற்று, கரணையாலேயே சுண்ணாம்பில் சித்திரம் செய்தார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பூதக்கண்ணாடி தருவார்கள், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 1880-இல் கட்டிய இவாஷினா பள்ளிக்கூடம். அதன் மாடி அறையில் அவர் செய்த கொக்குக் கூட்டம் பறக்கிறது. ஒவ்வொரு கொக்கின் இறக்கையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.