கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லையா? மனநல மருத்துவர் பதில்கள்

பத்து நிமிடம் ரீல்ஸ் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. எனக்கு மன உறுதியே இல்லையா டாக்டர்?

முதலில் உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். பக்கம் முடிந்தால் நாம் எழுந்துவிடுவோம். செயலிகளை உருவாக்கியவர்கள் பக்கத்துக்கு முடிவே இல்லாமல் செய்துவிட்டார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். அப்புறம், அடுத்த வீடியோ பிரமாதமாக இருக்குமா, சுமாராக இருக்குமா என்று நமக்குத் தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும். சூதாட்ட இயந்திரம் ஆளை உட்கார வைப்பதும் இப்படித்தான். அதனால் சபதம் எடுத்துப் பயனில்லை, ஏற்பாட்டை மாற்றுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, வேண்டும்போது கணினியில் பாருங்கள். இரவில் சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

என் 14 வயது மகள் இன்ஸ்டாகிராம் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பையே வெறுக்கிறாள். கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். ஒளித்துவைத்துப் பார்ப்பாள், உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். அவள் வேதனை உண்மையானது. 2021-ல் வெளியே கசிந்த, இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் (இப்போது மெட்டா) நிறுவனத்தின் உள் ஆவணங்களிலேயே இது இருக்கிறது: உடலைப் பற்றித் தாழ்வாக உணரும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை மோசமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கணக்குகளைப் பார்த்தால் மனம் வாடுகிறது என்று கேளுங்கள். அவற்றை அவளே அன்ஃபாலோ செய்யட்டும். அவள் உருவத்தைப் பற்றி வீட்டில் யாரும் கிண்டல் செய்யவே கூடாது. சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் பதின்வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் அபாயம் இரு மடங்கு என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2023 அறிக்கை எச்சரிக்கிறது. ஏற்கெனவே சோர்ந்திருப்பவர்கள் அதிகம் பார்ப்பதும் உண்டு என்பதால், இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட மாட்டேன். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். தூக்கம் குறைந்திருந்தால், பார்க்கும் நேரம் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் கமெண்டில் அசிங்கமாகத் திட்டுகிறார்கள். பதில் சொல்லாவிட்டால் தோற்றுப்போனது போல் இருக்கிறது.

பதில் சொன்னால் அந்தப் பதிவு இன்னும் பல பேர் கண்ணில் படும், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். மிரட்டல் இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுடன் காவல்துறைக்குப் போங்கள். இதையெல்லாம் தனியாகச் சுமக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.