எத்தனை கணினியில் இருக்கிறது என்பது பாதிக் கணக்குதான்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 130 பேர் வேலை செய்கிறோம். கணினிப் பிரிவில் நான் ஒருவன்தான். எனக்கு முன் இருந்தவர் விட்டுச்சென்ற எக்செல் கோப்பைத் தவிர மென்பொருள் உரிமங்களுக்கு வேறு பதிவு கிடையாது; அதுவும் இரண்டு ஆண்டுகளாகத் திருத்தப்படவில்லை. இந்த நிலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்று ‘உரிமச் சரிபார்ப்பு’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. எல்லாக் கணினிகளையும் ஸ்கேன் செய்து பட்டியலை அனுப்பிவிடலாமா? இனி ஒழுங்காகப் பராமரிக்க எந்தக் கருவியை வாங்கலாம்?

பதில்: பட்டியல் எடுங்கள், ஆனால் இப்போது அனுப்பாதீர்கள். கருவி வாங்கும் பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் அந்த மின்னஞ்சலை நிதானமாகப் படியுங்கள். இத்தகைய கடிதங்கள் இரண்டு வகை. ஒப்பந்தத்தின் தணிக்கைப் பிரிவைச் சுட்டிக்காட்டி வருபவற்றுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ‘உங்கள் உரிமங்களைச் சீராக்க உதவுகிறோம்’ என்ற தொனியில் வருபவை பெரும்பாலும் விற்பனைப் பிரிவின் முயற்சி. அவற்றுக்கு உடன்படுவது பல நேரங்களில் உங்கள் விருப்பம். உங்களுக்கு வந்தது எது என்று தெரியாவிட்டால் அதையே கேளுங்கள். ‘மின்னஞ்சல் கிடைத்தது. எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள், எந்தெந்த மென்பொருள்களைப் பற்றி என்று தெரிவியுங்கள்’ என்ற இரண்டு வரி போதும். அதையும் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். இந்த விவகாரத்தைத் தனி ஆளாகத் தோளில் சுமக்க வேண்டாம். அவர்கள் தரும் ஸ்கிரிப்டை (தானாக இயங்கும் கட்டளைக் கோப்பை) ஓட்டச் சொன்னால், அது என்னென்ன தகவலைத் திரட்டுகிறது, அந்தத் தகவல் யாரிடம் போகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயத்தில் இரண்டு காரியங்களைச் செய்பவர்கள் நிறைய. சிலர் இரவோடு இரவாக மென்பொருளை நீக்குகிறார்கள். சிலர் அவசரமாக உரிமம் வாங்கிக் குவிக்கிறார்கள். நீக்கினாலும் தடயம் இருக்கும். கடிதம் வந்த பிறகு நீக்கியது தெரிந்தால் உங்கள் நேர்மையின் மீதே சந்தேகம் வரும். இன்று வாங்கும் உரிமமோ நேற்றைய பயன்பாட்டைத் தானாக ஈடுகட்டிவிடாது.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்கேன் செய்தால் எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரியும். உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. ஆகவே காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். கணக்குப் பிரிவிலுள்ள இன்வாய்ஸ்கள், மென்பொருள் நிறுவனங்களின் இணையதளக் கணக்குகள், விற்பனை முகவரிடம் இருக்கும் நகல்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். அந்த இணையதளக் கணக்குகள் முன்பு இருந்தவரின் பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். முதல் வேலையாக அவற்றைப் பொது மின்னஞ்சல் முகவரிக்கு மாற்றுங்கள். இன்னொன்று: ஆக்டிவேஷன் கீ வேலை செய்வதால் மட்டும் அது வாங்கிய உரிமம் என்று ஆகிவிடாது. சான்று கேட்டால் இன்வாய்ஸும் ஒப்பந்தமும்தான் பேசும்.

அடுத்தது, எதை அலகாக வைத்து எண்ணுவது என்ற கேள்வி. அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் இது. கணினிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, ஒரே நேரத்தில் பயன்படுத்துவோர், சர்வரின் கோர் (செயலிக்குள் இருக்கும் கணிப்பு அலகு) எண்ணிக்கை, மொத்த ஊழியர் எண்ணிக்கை என்று மென்பொருளுக்கு மென்பொருள் அலகு மாறும். விண்டோஸ் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 பதிப்பிலிருந்து அது கோர் கணக்கில் விற்கப்படுகிறது. சர்வர் வாரியாக உரிமம் எடுக்கும்போது, உங்கள் சர்வரில் எட்டே கோர் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு உரிமம் வேண்டும். அதற்கு மேல், அந்த சர்வரை அணுகும் ஆளுக்கோ சாதனத்துக்கோ தனி அணுகல் உரிமம் உண்டு. இந்த அணுகல் உரிமம் எந்தக் கணினியிலும் நிறுவப்படுவதில்லை. ஆகவே கணினிகளை ஸ்கேன் செய்தெடுத்த பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. ஷிப்டு முறையில் மூன்று பேர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் சாதனக் கணக்கு லாபம். ஒருவரே மடிக்கணினி, மேசைக்கணினி, கைப்பேசி மூன்றிலிருந்தும் நுழைந்தால் ஆள் கணக்கு லாபம்.

வேறு பல மென்பொருள்கள் இயங்கத் தேவைப்படும் ஜாவா இன்னும் விசித்திரம். ஆரக்கிள் நிறுவனம் 2023 ஜனவரியில் கொண்டுவந்த சந்தாவில், ஜாவா எத்தனை கணினியில் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. மொத்த ஊழியர் எண்ணிக்கைதான் அலகு. பகுதி நேர ஊழியர்களும், நிறுவனத்தின் உள்வேலைகளுக்கு உதவும் ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் சேர்வார்கள். நான்கு கணினியில் இருக்கும் ஒரு மென்பொருளுக்கு உங்கள் நிறுவனம் குறைந்தது 130 பேருக்குக் கட்டணம் கட்ட நேரிடலாம். ஆரக்கிள் தரும் ஜாவாவில் எந்தப் பதிப்பு, எந்த அப்டேட் என்பதைப் பொறுத்து விதி மாறும் என்பதால், பதிப்பு எண்ணையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தேவைகளுக்கு ஜாவாவின் திறமூல வடிவமான ஓப்பன் ஜேடிகே வகைகள் போதும். அவற்றுக்கு இந்தச் சந்தா தேவையில்லை.

‘இலவசம்’ என்று நினைத்து ஊழியர்கள் தாங்களே இறக்கிக்கொள்ளும் மென்பொருள்களைத்தான் நான் முதலில் தேடுவேன். மென்பொருள் உருவாக்குவோர் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் சிறு நிறுவனங்களுக்கு இலவசம். ஆனால் ஊழியர் 250 பேருக்குக் குறைவு, ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் குறைவு என்ற இரண்டு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். 130 பேர் என்பதால் மட்டும் நீங்கள் தப்பவில்லை. ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல் பாக்ஸ் கட்டற்ற மென்பொருள்; ஆனால் அதோடு சேர்த்து நிறுவும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் வசதித் தொகுப்பின் இலவச உரிமம் நிறுவனப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது. கோப்புகளைச் சுருக்கும் வின்ரார், 40 நாள் சோதனைக் காலம் கழித்தும் சமர்த்தாகத் திறக்கும். பயன்படுத்தும் உரிமை மட்டும் முடிந்திருக்கும். அதற்குப் பதில் 7-ஜிப் போடுங்கள். அதை அலுவலகத்திலும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ஸ்கேன் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் கணினிகளில் பட்டியல் எடுக்க இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகள் ‘வின்32 புராடக்ட்’ என்ற வகுப்பை (விண்டோஸிடம் தகவல் கேட்கும் ஒரு வழியை) பயன்படுத்துகின்றன. அது பட்டியல் எடுக்கும் சாக்கில், எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் கோப்பு மூலம் நிறுவப்பட்ட மென்பொருள்கள் ஒவ்வொன்றையும் சரிபார்த்து, சிலவற்றைப் பழுதுநீக்கவும் தொடங்கிவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலுள்ள அன்இன்ஸ்டால் பதிவுகளைப் படிப்பதே பாதுகாப்பு.

கருவிக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்டரி இரண்டும் திறமூல மென்பொருள்கள். கணினிகளிலிருந்து தாமாகவே தகவலைத் திரட்டும். எந்த உரிமம் யாரிடம் இருக்கிறது என்று எழுதிவைக்க ஸ்னைப்-ஐடி நன்றாக இருக்கும். விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இன்வாய்ஸ்களை உள்ளே ஏற்றப்போவது நீங்கள்தான்.

காகிதக் கணக்கும் ஸ்கேன் கணக்கும் கையில் வந்ததும், ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் அலகில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பற்றாக்குறை தெரிந்தால் முதலில் நிர்வாகத்திடமும் சட்ட ஆலோசகரிடமும் காட்டுங்கள். அதன் பிறகுதான் கடிதம் அனுப்பியவர்களிடம், அவர்கள் கேட்ட மென்பொருள்களுக்கு மட்டும், எண்களைக் கொடுக்க வேண்டும். இழப்பீட்டுத் தொகை பெரும்பாலும் பேசிக் குறைக்கக்கூடியது. கணக்கைத் தெளிவாக வைத்திருப்பவருக்கே அந்தப் பேச்சில் பிடிமானம்.

கடைசியாக, சந்தா மென்பொருள்கள். இவற்றில் பற்றாக்குறையைவிட வீண்செலவே அதிகம். வேலையை விட்டுப் போனவரின் கணக்குக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். மனிதவளப் பிரிவு ஒருவரை விடுவிக்கும் படிவத்தில் ‘மென்பொருள் கணக்குகள் மூடப்பட்டன’ என்று ஒரு வரி சேர்த்து, அதில் உங்கள் கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள். மூன்று மாதமாக உள்ளே நுழையாதவர்களின் பட்டியலை அந்தந்தப் பிரிவுத் தலைவருக்கு அனுப்பி, தேவையா என்று கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களில் புதுப்பிக்கும் தேதியை மட்டும் குறித்துவைத்தால் ஏமாந்துபோவீர்கள். ரத்து செய்ய 30 நாளோ 60 நாளோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். காலண்டரில் ஏற வேண்டியது அந்தக் கடைசி நாள்.