தனியாக மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு: குன்னூர் பட்டறைக்காரர் பதில்கள்

ஊட்டியிலிருந்து தனியாகக் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பர்லியாறுக்குச் சற்று மேலே கருகின வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ ஓரங்கட்டினேன். கூடி நின்றவர்கள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன். சர்வீஸில் காட்டினால் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் அப்படி ஆனது?
(வாசகி, திருப்பூர்)

சர்வீஸ்காரர்கள் சொன்னது சரிதான் அம்மா. பிரேக் நல்ல பிரேக். அதை வேலை வாங்கின விதம்தான் தப்பு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். நாலாவது கியரில் விட்டுவிட்டுக் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால், அத்தனை சூட்டையும் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கிற பேடும்தான் தாங்க வேண்டும். ஒரு அளவுக்கு மேல் பேட் பிடிப்பை விட்டுவிடும். இன்னொன்று, பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்து வைத்துக்கொள்ளும். பழசான ஆயில் சீக்கிரம் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகிவிடும். நீங்கள் மிதித்தது அந்தக் குமிழியைத்தான். ஆறினதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதால் மறுநாள் பட்டறையில் ஒன்றும் தெரியாது.

இறங்கும்போது செகண்ட் கியர், ரொம்பச் செங்குத்தான இடத்தில் ஃபர்ஸ்ட். எஞ்சின் கத்தினால் கத்தட்டும், அது வண்டியைப் பிடித்து வைக்கிற சத்தம். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி மிதித்து, விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் லீவரை 'டி'யிலேயே வைத்துக்கொண்டு மலை இறங்குகிறார்கள். 'எல்' என்றோ 'எம்' என்றோ ஒரு இடம் இருக்கும், இந்த ரோட்டுக்காகத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இப்போதைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எண்ணெய் வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது இன்னும் மோசம், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இரும்பாகிவிடும்.

தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடேறின டிஸ்க்கில் ஊற்றினால் கோணிக்கொள்ளும், வெடித்தாலும் வெடிக்கும். ஓட்டும்போது உங்கள் பிரேக் மிதி துடித்தால் அந்தத் தண்ணீர்தான் காரணம், மறுபடி காட்டுங்கள். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் காத்திருப்பதுதான் வைத்தியம். பர்லியாறு கடைகளில் மங்குஸ்தான் வந்திருந்தால் நேரம் போவதே தெரியாது.

பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் “என்ன வாடை?” என்று கேட்டிருப்பார். தனியாக வருகிறவர் “முன்னால் போகிற லாரியாக இருக்கும்” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் நாலு வளைவு இறங்கிவிடுவார். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

மசினகுடிக்கு மேப் கல்லட்டி வழியைக் காட்டியது. தலைக்குந்தாவில் போலீஸார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடலூர் சுற்றிப் போய்ச் சேர இருட்டிவிட்டது. வண்டி நம்பரைப் பார்த்து ஓட்டுகிறவன் திறமையை அளக்கலாமா?
(வாசகர், சேலம்)

அளக்க முடியாதுதான். டிஎன் 43 என்ற நீலகிரி நம்பரை வைத்துக்கொண்டு கண்றாவியாக ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் வெயிலிலும் மழையிலும் செக்போஸ்டில் நிற்கிற காவலருக்கு வேறு என்ன அளவுகோல் இருக்கிறது, சொல்லுங்கள். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் ஏறி வரலாம், இறங்கக் கூடாது. மேப்புக்கு தூரம் தெரியும், சரிவு தெரியாது.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ரோட்டில் போகிறவர் கண்ணுக்குப் பள்ளத்தில் கிடக்கிற வண்டி தெரியாது. அதனால் தனியாகக் கிளம்புகிறவர் லாட்ஜிலோ வீட்டிலோ ஒரு ஆளிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்த வழி, எத்தனை மணிக்குள், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. லொக்கேஷன் அனுப்பிவிட்டேன் என்று இருந்துவிடாதீர்கள், பாதி வளைவுகளில் சிக்னல் கிடையாது. உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாத இடத்திலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் எட்டினால் கால் போகும். மைசூர் போகிற திட்டமென்றால் பந்திப்பூர் ரோடு இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை அருகே பொழுது சாயும் நேரத்தில் டயர் பஞ்சர். வீல் நட் அசையவே இல்லை. ஜாக்கியும் சரிந்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் உதவினார்கள். அவர்கள் வராதிருந்தால்?
(ஆசிரியை, கோயம்புத்தூர்)

அந்த இடத்தில் நின்றிருக்கவே வேண்டாம். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனையில் யானை ரோட்டுக்கே வரும். காற்று இறங்கின டயரோடு பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு, கடையோ செக்போஸ்டோ இருக்கிற இடம்வரை போயிருக்கலாம். டயர் வீணாகும், ரிம்மும் அடிபடும். போகட்டும், காசோடு போச்சு.

நட் அசையாததற்கு உங்கள் கை காரணம் இல்லை. டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிடுகிறார்கள். அங்கேயே நின்று, “கையால் இறுக்குங்கள்” என்று சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் செய்வார்கள். வண்டியோடு வருகிற ஸ்பேனரும் ஒரு சாண்தான். அதில் மாட்டுகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும், மாணவிகள்கூடக் கழற்றிவிடுவார்கள். நட்டைத் தளர்த்துவது ஜாக்கி போடுவதற்கு முன்னால். சமதளம் கிடைக்காத சரிவில் ஜாக்கி போடவே போடாதீர்கள்.

மூடுபனியில் நாலு இண்டிகேட்டரும் போட்டு ஓட்டலாமா?
(வாசகர், கொடைக்கானல்)

கூடாது. பின்னால் வருகிறவர் நீங்கள் நிற்பதாக நினைத்து முந்துவார், திரும்பப் போகிறீர்களா என்பதும் தெரியாது. லோ பீம் போதும். ஹை பீம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகிவிடும்.

தொட்டபெட்டாவில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்தேன். சரிதானே?
(வாசகர், மதுரை)

சின்னது மலிவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அந்த முக்கோணக் கண்ணாடிதான் விலை அதிகம், ஆர்டர் போட்டு நாள்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் எதையாவது உடையுங்கள், யோசிக்காதீர்கள். மற்ற நேரத்தில் ஊட்டியிலிருந்து பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிட்டுக் கம்பி விட்டு எடுப்பதுதான் லாபம்.