வெயிலில் வரைந்த படம் வீட்டில் ஏன் இருண்டுபோகிறது

வணக்கம். மாமல்லபுரத்துப் பாறைகளை அங்கேயே உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைந்ததாகவும், அங்கே பளிச்சென்று இருந்த படம் வீட்டுக்கு வந்ததும் இருண்டுபோனதாகவும் எழுதியிருந்தீர்கள். குறை பெயின்டில் இல்லை. தாள் மேல் நேர் வெயில் விழுந்திருக்கிறது. வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும்போது எந்த வண்ணமும் வெளிறித்தான் தெரியும். கை தானாகவே அடர்த்தியாகக் கலந்துவிடும். வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளிறும். அப்படியும் இருண்டிருக்கிறது என்றால் வெயில் எவ்வளவு ஏமாற்றியிருக்கிறது பாருங்கள்!

தாள், வண்ணத் தட்டு இரண்டுமே நிழலில் இருக்கும்படி திரும்பி உட்காருங்கள். குடை வைத்தால் கறுப்புக் குடை; சிவப்பு, நீலக் குடைகள் தாளில் தங்கள் நிறத்தை ஏற்றிவிடும். கூலிங் கிளாஸ் வேண்டாம்.

இன்னொன்று, நிழல். காலை 7 மணிக்குப் பாறை இடுக்கிலிருந்து ஊதா கலந்து நீண்டு கிடக்கும் நிழல் 9 மணிக்குள் சுருங்கிவிடும். முதல் பத்து நிமிடத்திலேயே அதன் ஓரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது நகர்ந்தால் துரத்த வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890இல் பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில், வயலில் குவித்திருந்த கதிர்ப் போர்களை வரைந்தபோது, வெளிச்சம் மாற மாற வேறு வேறு கேன்வாஸுக்கு மாறிக்கொண்டார். நீங்களும் மிச்சத்தை மறுநாள் அதே நேரத்தில் போய் முடிக்கலாம்.