பரணிலிருந்து இறங்கும் அண்டாவுக்கு என்ன விலை?

கேள்வி: போகிக்கு முன்னால் பரணை ஒழிக்க இறங்கியிருக்கிறேன். மாமியார் காலத்துப் பித்தளை அண்டா, ஒரு உருளி, நைந்துபோன பட்டுப்புடவைகள் ஆறு, ஓடாத மிக்ஸி, பழைய செல்போன் இரண்டு கிடக்கின்றன. பாத்திரக்கடையில் பழசைப் போட்டு எவர்சில்வர் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மிச்சத்தை அடுக்கி வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் ஒரு செட் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் வீட்டை விட்டுப் போக வேண்டியது போகட்டும். இப்போதே பெட்டி வாங்கினால், போக வேண்டியதும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த உருளியைத் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்று ஓசை நீண்டு நின்றால் அநேகமாக வெண்கலம். பித்தளை செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். வெள்ளீயம் விலை கூடியது என்பதால் வெண்கலத்துக்கும் விலை அதிகம். இரண்டையும் ஒரே தராசில் ஏற்றிப் 'பித்தளை ரேட்' போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். என்னைக் கேட்டால் வெண்கல உருளியை விற்கவே வேண்டாம். இன்று அதே கனத்தில் புதுசு வாங்கக் கடைக்குப் போய்ப் பாருங்கள், தெரியும்.

அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு எடுத்துப் போங்கள். அழுக்குக் கழிவு என்ற பேச்சே எழாது. வாய் விளிம்பில் இரும்புக் கம்பி சுருட்டியிருந்தால் அதன் எடையைக் கழிப்பது நியாயம். பாத்திரக்கடையில் இரண்டு விலை கேளுங்கள்: பழசுக்குக் கையில் காசாக எவ்வளவு, பழசு போடாமல் வாங்கினால் புதுசு எவ்வளவு. பழசுக்குத் தாராளமாக ஏற்றிச் சொல்லிவிட்டுப் புதுசில் எடுத்துக்கொள்வது பழைய வித்தை. மிக்ஸி எக்ஸ்சேஞ்சுக்கும் இதே கேள்விதான்.

வாசலுக்கு வரும் பழைய பேப்பர்க்காரரின் தொங்கு தராசில் சந்தேகமா? தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை மாட்டிப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைவாகக் காட்டினால் அந்தத் தராசு வேண்டாம். வியாபாரத் தராசு எதுவானாலும் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பட்டுப்புடவையை எடுக்க வருபவருக்கு வேண்டியது ஜரிகையில் உள்ள வெள்ளி. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. செம்புக் கம்பி ஜரிகையும் உண்டு, வெறும் பாலியெஸ்டரும் உண்டு. அதனால் 'ஒரு புடவைக்கு இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசாதீர்கள். அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துக்கொண்டு, ஜரிகையை உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லி, இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். (மாமியாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது நுகர்வோர் விவகாரம் இல்லைதான், ஆனாலும்.)

செல்போனைக் காயலான்கடை மூட்டையில் போட வேண்டாம். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது. பிளாஸ்டிக், ரப்பர் எதுவும் போகித் தீயில் வேண்டாம்.

கேள்வி: ஒரு பை நிறைய பழைய பில், வாரண்டி அட்டைகள். எறியலாமா?

பதில்: பொருளே வீட்டில் இல்லையென்றால் அதன் பில் எதற்கு, எறியுங்கள். மற்றவற்றில் வாரண்டி முடியாததையும், வாங்கி இரண்டு வருடம் ஆகாததையும் வையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது பில் கையில் இருக்க வேண்டும். மழமழவென்ற தாளில் வரும் பில் சில மாதத்தில் வெளிறிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் அட்டையை எறியும் முன் கம்ப்ரஸருக்குத் தனி வாரண்டி இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் பத்து வருடம்கூட உண்டு. நகை பில் மட்டும் பைக்குள் வேண்டாம், பீரோவுக்குப் போகட்டும்.